பீக் டிஸ்ட்ரிக்ட் நடை: மூர், நீர்த்தேக்கம், காடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெஃபீல்டில் குடியிருப்பதால், லண்டனிலிருந்தும் லெஸ்டரிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள், நண்பர்களின் நண்பர்கள், மாஸ்டர்ஸ் படிக்க வந்து இறங்கிய பிள்ளைகள் எல்லாரும் வாட்ஸப்பில் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எல்லாம் பீக் டிஸ்ட்ரிக்ட்டின் வடபாதியை, அதிலும் டெர்வென்ட் பள்ளத்தாக்கையும் அதைச் சுற்றியுள்ள மேட்டையும் பற்றியவை.

"பீக் டிஸ்ட்ரிக்ட்னு பேரு, அப்போ பெரிய சிகரம் எல்லாம் இருக்குமா?"

இருக்காது. இங்கே உயரமான இடம் கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். அதுவும் கூம்பாக நிற்காது, மேலே ஏறினால் தட்டையாகப் பரந்து கிடக்கும், எது உச்சி என்று தேட வேண்டியிருக்கும். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் இருக்கிற நிலம் இது, 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. தென்பாதி சுண்ணாம்புக்கல், பச்சை வயல், வெள்ளைச் சுவர். அதை வைட் பீக் என்பார்கள். வடபாதி கரடுமுரடான மணற்கல், கறுப்பு மண், காற்று. அது டார்க் பீக். நான் எழுதுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

"மூர் மூர்ங்கிறீங்களே, அது காடா புல்வெளியா?"

இரண்டும் இல்லை. மரமே இல்லாத ஈரமான மேட்டுநிலம். ஹெதர் என்கிற முழங்கால் உயரப் புதர், பில்பெரிச் செடி, ஜூன் வாக்கில் வெள்ளை வெள்ளையாகத் தலையாட்டும் பஞ்சுப்புல், இவைதான் மேலே. அடியில் பீட் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கியும் மட்காமலும் சேர்ந்த பாசியும் புல்லும்தான் அது. சில இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். தண்ணீரை அப்படியே குடித்து வைத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் இங்கேயும் மரங்கள் இருந்தன, மனிதன் வெட்டினான், அப்புறம் ஆடு மேய்ந்து மேய்ந்து திரும்ப வளர விடவில்லை. நீலகிரியின் மேல்பகுதிப் புல்வெளியைப் பார்த்தவர்களுக்கு முதல் பார்வையில் பழகிய இடம் மாதிரி தோன்றும். ஆனால் சோலைக்காடு கிடையாது, யானை கிடையாது, அட்டையும் கிடையாது.

ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஹெதர் பூத்து மேடு முழுக்க ஊதா நிறமாகிவிடும். ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால் அப்போது வாருங்கள். நடக்கும்போது காலடியிலிருந்து திடீரென்று படபடத்துக் கிளம்பும் கோழி மாதிரியான பறவை கிரவுஸ். அது போடும் சத்தம் அச்சு அசலாக "கோ பேக், கோ பேக்" என்று கேட்கும். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

"யார்கிட்ட பெர்மிஷன் வாங்கணும்? என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு?"

யாரிடமும் வேண்டாம், கட்டணமும் இல்லை. கார் நிறுத்தத்தான் காசு. நம்மூரில் வனத்துறை அனுமதி, கைடு, நேரக்கட்டுப்பாடு என்று பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கிறது, அதனால்தான் அதிகம் கேட்கப்படும் கேள்வியும் இதுவே. தேசியப் பூங்கா என்றாலும் நிலத்தின் பெரும்பகுதி அரசாங்கத்துடையது இல்லை. விவசாயிகள், எஸ்டேட்டுகள், நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, தண்ணீர் நிறுவனங்கள் என்று பலருக்குச் சொந்தம். அந்தச் சொந்த நிலங்களின் குறுக்கே போகும் பொதுப்பாதைகளில் நடப்பது சட்டப்படி நம் உரிமை. அதற்கு மேல், 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி "திறந்த நிலம்" என்று குறிக்கப்பட்ட மூர்களில் பாதையை விட்டு விலகியும் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம்.

இது சும்மா கிடைத்ததில்லை. நூறு வருடம் முன்னால் இதே மூர்கள் பணக்காரர்களின் வேட்டை நிலம், காவலாட்கள் தடியோடு நின்றார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ரோத்மன் என்ற இருபது வயது இளைஞரின் தலைமையில் சில நூறு பேர், பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள், ஹேஃபீல்டிலிருந்து கிளம்பி வேண்டுமென்றே கிண்டர் மீது ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்குச் சிறை, ரோத்மனுக்கு நான்கு மாதம். அப்புறம் 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம், 1965-இல் ஈடேலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லை வரை 268 மைல் போகும் பென்னைன் வே என்ற நடைபாதை, கடைசியில் மேலே சொன்ன 2000-ஆம் ஆண்டுச் சட்டம். அன்றைக்குக் கிண்டரை வைத்திருந்த டெவன்ஷயர் பிரபு குடும்பத்தின் வாரிசு 2002-இல் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார்.

"வேற ஒருத்தர் தோட்டத்துக்குள்ள போறோமே, திட்ட மாட்டாங்களா?"

பாதையிலேயே போனால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் கூட வரும். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள்: மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், ஆடு தண்ணீருக்குப் போக வேண்டியிருக்கும். கல்சுவரின் மேல் மட்டும் ஏறாதீர்கள். சிமென்ட் இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டியது, ஒரு கல் சரிந்தால் பின்னாலேயே பத்து வரும்.

மாடு விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தைரியம் ஜாஸ்தி, கன்றைத் தடவிக்கொடுக்கப் போய்விடுவார்கள். வேண்டாம். கன்றோடு நிற்கும் பசு இங்கே ஆட்களைத் தள்ளி மிதித்திருக்கிறது. சுற்றிக்கொண்டு போங்கள். பால் மாட்டு இனத்தின் பெரிய காளையைப் பொதுப்பாதை போகும் வயலில் விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் இறைச்சி இனத்துக் காளை பசுக்களோடு நின்றால் அனுமதி உண்டு. தூரத்திலிருந்து அது என்ன இனம் என்று நமக்கு எங்கே தெரியப் போகிறது.

"கூகுள் மேப் போதும்ல?"

போதாது. கார் நிறுத்துமிடம் வரை கூகுள், அதற்கப்புறம் இந்நாட்டு அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே. எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல் 1 என்ற தாள்தான் டார்க் பீக் முழுவதும். அதில் பச்சைக் கோடு கோடாக இருப்பது பொதுப்பாதை, வெளிர்மஞ்சள் பூசியிருப்பது நான் சொன்ன திறந்த நிலம், பழுப்பு வளைகோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து. இந்த மூன்றையும் படிக்கத் தெரிந்தால் போதும். கூகுளில் மூர் என்பது ஒரு வெறும் திட்டு, அவ்வளவுதான்.

அவர்களுடைய ஆப்பும் நன்றாக இருக்கிறது, ஆனால் வீட்டிலேயே வரைபடத்தை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. குளிரில் போன் பேட்டரி 40 சதவீதத்தில் இருக்கும்போதே படுத்துவிடும், ஆகவே குழுவுக்கு ஒரு காகித வரைபடம், ஒரு சாதாரணத் திசைகாட்டி.

"கார் இல்ல. ட்ரெயின்ல வந்து முதல் தடவை நடக்க எந்த இடம்?"

கிரிண்டில்ஃபோர்டு. ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் ஹோப் வேலி லைனில் நின்று நின்று போகும் ரயிலைப் பிடியுங்கள், நீளமான டோட்லி சுரங்கத்தை விட்டு வெளியே வந்தவுடன் வரும் ஸ்டேஷன். அங்கிருந்து பத்து நிமிடத்தில் பேட்லி கார்ஜ் என்ற ஓடைக்காடு. முறுக்கிக்கொண்டு நிற்கும் பழைய ஓக் மரங்கள், மரத்திலும் பாறையிலும் பச்சைப்பாசி, கீழே சத்தம் போட்டுக்கொண்டு ஓடும் பர்பேஜ் ஓடை. மேலே ஏறினால் மரம் சட்டென்று முடிந்து வெட்டவெளி, லாங்ஷா எஸ்டேட். அங்கே ஒரு கஃபே உண்டு. போக வர அரை நாள்.

பக்கத்திலேயே போல் ஹில் கல்குவாரி. பிர்ச் மரங்களுக்கு நடுவே வண்டிச்சக்கரம் அளவு அரவைக்கற்கள், செதுக்கி முடித்தும் விற்காமல் போனவை, வரிசையாகப் பாசி பிடித்துக் கிடக்கும். கீழே வரப்போகும் டெர்வென்ட், ஹவ்டன் அணைகள் இரண்டுக்கும் கல் போனது இந்தக் குவாரியிலிருந்துதான், பத்து லட்சம் டன்னுக்கு மேல். இதே லைனில் ஹாதர்சேஜ், பாம்ஃபோர்டு, ஹோப், ஈடேல் என்று அடுத்தடுத்த ஸ்டேஷன்களிலும் இறங்கி நடக்கலாம். எல்லாரும் இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டுக் கேட்கும் மாம் டோர் குன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை போவதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ரங்கநாதன் தெரு.

"அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமோ? அவவுக்கு முழங்கால் நோ, ஏற்றம் சரிவராது."

தாராளமாக. ஆனால் பேட்லி வேண்டாம், வேரும் கல்லும் காலை வாரும். ஃபேர்ஹோம்ஸ் வாருங்கள். கார் நிறுத்துமிடம், கழிப்பறை, டீக்கடை மூன்றும் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் டெர்வென்ட் அணையின் காலடி. இரண்டு கோபுரம் வைத்துக் கோட்டை மாதிரி கட்டிய கல் அணை, 1902-இல் தொடங்கி 1916-இல் முடிந்தது. மழைக்காலத்தில் நிரம்பி வழியும்போது சுவர் முழுவதும் வெள்ளைத் திரையாகத் தண்ணீர் விழும், சாரல் முகத்தில் அடிக்கும். அதைப் பார்க்கவே ஜனவரியில் வருபவர்கள் உண்டு. 1943-இல் ஜெர்மன் அணைகளைக் குண்டுவீசி உடைக்கப்போன 617-வது விமானப்படைப் பிரிவு தாழப் பறந்து பழகியது இந்த நீருக்கு மேலேதான்.

மேற்குக்கரை ஓரமாக அடுத்த அணையான ஹவ்டன் வரைக்கும், அதைத் தாண்டியும், தார்ச்சாலை போகிறது. வார இறுதிகளில் பெரும்பாலும் கார்களுக்கு மூடிவிடுவார்கள். ஏற்ற இறக்கம் அதிகமில்லை, அம்மா களைத்தால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். வழியில் பிர்ச்சின்லீ என்று ஒரு பலகை வரும். அணை கட்டிய தொழிலாளர்களும் குடும்பங்களும் இருந்த தகர ஊர் அது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைகள் எல்லாம் இருந்தன. வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துவிட்டார்கள். இப்போது மரங்களுக்கு அடியில் அஸ்திவாரக் கற்கள் மட்டும்.

"தண்ணிக்கடியில ஒரு ஊரே இருக்காமே, பாக்க முடியுமா?"

இரண்டு ஊர்கள்: டெர்வென்ட், ஆஷப்டன். மூன்றாவது அணையான லேடிபவர் 1943-இல் முடிந்து தண்ணீர் ஏற ஏற இரண்டும் மூழ்கின. டெர்வென்ட் தேவாலயத்து மயானத்தில் இருந்தவர்களை முன்பே தோண்டியெடுத்து பாம்ஃபோர்டில் மறுபடி அடக்கம் செய்தார்கள். கோயிலின் ஊசிக்கோபுரம் மட்டும் கொஞ்ச காலம் நீருக்கு மேல் நின்றது, ஆட்கள் நீந்திப்போய் ஏறுவார்கள் என்ற பயத்தில் 1947 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஊரிலிருந்த பழைய கல்பாலம் ஒன்றை மட்டும் கல் கல்லாகப் பிரித்து, ஹவ்டன் நீர்த்தேக்கத்தின் தலைமாட்டில் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், அதன்மேல் இப்போதும் நடக்கலாம்.

சாதாரணமாக ஒன்றும் தெரியாது. 1976, 1995, 2018, 2022 மாதிரி வறண்ட வருடங்களில் டெர்வென்ட் ஊரின் சுவர்களும் வாசல் தூண்களும் வெளியே வரும், கூட்டமும் வரும். கரையிலிருந்து பாருங்கள். உள்ளே இருப்பது தரை மாதிரி தெரியும் சேறு, இறங்கியவர்களை மீட்புக்குழு வந்து இழுத்தெடுத்த கதை நடந்திருக்கிறது.

"தண்ணி அவ்வளவு சுத்தமா இருக்கே, ஒரு முங்கு போடலாமா?"

கூடாது. மூன்று நீர்த்தேக்கங்களுமே குடிநீர், மூன்றிலும் குளிக்கத் தடை. தடையை விட முக்கியம், கோடையிலும் ஓரடிக்குக் கீழே தண்ணீர் விறைக்கும். குதித்தவுடன் மூச்சு தன்னால் இழுக்கும், அந்த முதல் நிமிடத்தில்தான் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் போகிறார்கள். லேடிபவரில் அணைக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய வட்டக்குழிகள், ராட்சத வாஷ்பேசின் ஓட்டை போல இருக்கும், நிரம்பினால் உபரிநீர் அதற்குள் விழும். அதைப் படமெடுக்கக் கரைப்பாதையே போதும்.

"மூர், அணை, காடு மூணும் ஒரே நாள்ல வர்ற மாதிரி ஒரு ரவுண்டு சொல்லுங்க."

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஃபேர்ஹோம்ஸில் காரை விட்டு லேடிபவரின் கிழக்குக்கரையோடு தெற்கே நடந்து, மூழ்கிய டெர்வென்ட் ஊரின் இடத்தைத் தாண்டி, இடதுபுறம் பழைய கல்கொட்டகைகளை ஒட்டி மேலே ஏறும் பாதையைப் பிடியுங்கள். முதல் முக்கால் மணி நேரம் மூச்சு வாங்கும். மேலே வந்தால் டெர்வென்ட் எட்ஜ் என்ற பாறை விளிம்பு. இடதுபக்கம் திரும்பி வடக்கே போனால் காற்று செதுக்கிய பாறைகள் ஒவ்வொன்றாக வரும்: வீல் ஸ்டோன்ஸ், சால்ட் செல்லர், கேக்ஸ் ஆஃப் பிரெட். கீழே மூன்று நீர்த்தேக்கங்களின் பள்ளத்தாக்கு. நடக்கும் வழியில் பெரிய கல்பலகைகளாகப் பாவியிருப்பார்கள், மூடிப்போன பஞ்சாலைகளின் தரைக்கற்கள் அவை. குனிந்து பார்த்தால் எந்திரம் பொருத்திய துளைகள் சிலவற்றில் தெரியும். பீட் கரைந்து போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் சேறில்லாத நாளிலும் கல்லின் மேலேயே நடங்கள்.

பேக் டோர் 538 மீட்டர், அதுதான் உயரமான இடம். அப்புறம் லாஸ்ட் லாட் என்ற கல்குவியல், அங்கிருந்து மேற்கே இறங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக மரங்கள் தொடங்கி, காட்டுக்குள்ளாகவே டெர்வென்ட் நீர்த்தேக்கத்தின் கரைக்கு வந்துவிடுவீர்கள். கரையோடு தெற்கே நடந்தால் அணை, ஃபேர்ஹோம்ஸ். எல்லாம் சேர்த்து 15 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

"15 கிலோமீட்டர்னா மூணு மணி நேரம்தானே?"

சமதரையில். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கைத்தான் இன்றும் வைத்துக்கொள்கிறார்கள்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. மேலே சொன்ன சுற்றில் ஏற்றம் ஏறக்குறைய 400 மீட்டர், ஆக மூன்று மணி நாற்பது நிமிடம். இது நிற்காமல் நடக்கும் ஒல்லியான ஸ்காட்லாந்துக்காரரின் கணக்கு. புளியோதரைப் பொட்டலம் பிரிக்க, குழந்தைக்கு ஷூ கட்ட, ஒவ்வொரு பாறையிலும் குரூப் போட்டோ எடுக்க என்று சேர்த்தால் ஆறு மணி நேரம் வையுங்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். ஒன்பதரைக்கு மேல் கிளம்புவதாக இருந்தால் அந்த மாதத்தில் இந்தச் சுற்று வேண்டாம், அம்மாவுக்குச் சொன்ன வழியில் போங்கள்.

"ஜீன்ஸும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் போதாதா?"

ஷூ, கோடையில் காய்ந்த நாளில் சரி. ஜீன்ஸ் எந்த நாளிலும் சரியில்லை, நனைந்தால் கனக்கும், காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். சாதாரண டிராக் பேன்ட் அதைவிட நல்லது. மழைக்கோட்டு எப்போதும் பையில் இருக்கட்டும். காலையில் வெயிலடித்தது என்பது இங்கே எந்த உத்தரவாதமும் இல்லை. மேலே ஊரைவிட மூன்று நான்கு டிகிரி குறைவு, காற்று வேறு. கிண்டரில் டவுன்ஃபால் என்று ஒரு அருவி, மேற்குக்காற்று பலமாக அடித்தால் தண்ணீர் கீழே விழாமல் மேல்நோக்கிப் பறக்கும். அந்தக் காற்றில் குடை பிடிக்க நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"மேல போனப்புறம் மூடுபனி வந்துட்டா என்ன பண்றது?"

நில்லுங்கள், எல்லாரும் ஒன்றாக நில்லுங்கள். டெர்வென்ட் எட்ஜ் மாதிரி கல்பாதை இருக்கும் இடத்தில் வந்த வழியே திரும்புவது சுலபம். கிண்டர், பிளீக்லோ என்ற மூர்களின் மேற்பரப்பில் அப்படி இல்லை. பீட் நிலம் அரித்து ஆளை மறைக்கும் வாய்க்கால்களாகப் பிரிந்து கிடக்கும், ஒன்றில் இறங்கி ஏறுவதற்குள் திசை மாறிவிடும். திசைகாட்டி வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

காயம் பட்டாலோ சுத்தமாக வழி தெரியாமல் போனாலோ 999, போலீஸ் கேளுங்கள், அவர்களிடம் மவுன்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்லுங்கள். வருபவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், காசு கேட்க மாட்டார்கள். பேச சிக்னல் இல்லாவிட்டாலும் சில நேரம் எஸ்எம்எஸ் போகும், ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும்: ஆங்கிலத்தில் ரெஜிஸ்டர் என்று தட்டி 999-க்கு இன்றே அனுப்பி வையுங்கள். விசில் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் விட்டு மறுபடி.

"மேல பார்பிக்யூ போடலாமா? சின்ன ட்ரேதான்."

வேண்டவே வேண்டாம். காய்ந்த பீட் தரைக்கு அடியிலேயே நாள்கணக்கில் கனன்று வேறொரு இடத்தில் கிளம்பும். 2018 ஜூனில் சாடில்வொர்த் மூர் எரிந்தபோது ராணுவத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. கட்டுச்சாதம் கொண்டு வாருங்கள், பிளாஸ்க்கில் டீ. இட்லிப்பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவிய இட்லி காற்றில் சிதறாது, கையும் கழுவ வேண்டாம். ஆரஞ்சுத்தோல் உட்படக் குப்பை திரும்ப வீட்டுக்கு.

"நாயைக் கூட்டிட்டு வரலாமா?"

வரலாம். திறந்த நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் கட்டியே வைத்திருக்க வேண்டும், தரையில் முட்டையிடும் பறவைகளுக்காக. ஆடு இருந்தால் வருடம் முழுவதும். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள், அது நாயைத்தான் துரத்துகிறது.

"காட்டுல உண்ணி கடிக்கும்னு சொல்றாங்க, நிஜமா?"

நிஜம்தான். வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை, முக்கியமாக இடுப்பளவு பிராக்கன் செடிக்குள் நடந்தால். பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்பக்கம், அக்குள், குழந்தைகளின் தலைமுடி ஓரம் பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்; எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் வட்டமாகச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் மாதிரி வந்தாலோ டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள், லைம் நோய்க்கு மருந்து இருக்கிறது.

"பிளீக்லோ மேல பழைய விமானம் கிடக்காமே, போகலாமா?"

போகலாம், முதல் நடையாக வேண்டாம். 1948 நவம்பர் 3 அன்று அமெரிக்க பி-29 விமானம் ஒன்று மேகத்துக்குள் வழி தெரியாமல் மேட்டில் மோதி 13 பேரும் இறந்துபோனார்கள். என்ஜின்களும் உலோகத் துண்டுகளும் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. கடைசிப் பகுதியில் பாதை தெளிவாக இல்லை, மூடுபனி பற்றி மேலே எழுதியது முழுக்கப் பொருந்தும். கிடப்பதில் ஒரு ஆணியைக்கூட எடுக்காதீர்கள்.

"எங்க வேணா நடக்கலாம்னீங்க, அப்போ எங்க வேணா டென்ட் அடிக்கலாமா?"

நடப்பதற்கான உரிமை, தங்குவதற்கானது அல்ல. இங்கே நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். இங்கிலாந்தில் விதிவிலக்கு டார்ட்மூர். அங்கே கூடாரம் போடும் உரிமையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு, தாராளம். பீக்கில் தங்க ஆசை என்றால் ஈடேலில் கேம்ப்சைட்டுகள் இருக்கின்றன.

"மூடியிருக்குன்னு போர்டு வச்சிருக்காங்க. நீங்க உரிமைன்னு சொன்னீங்களே, இப்ப திரும்பணுமா போகணுமா?"

எது மூடியிருக்கிறது என்று பாருங்கள். வரைபடத்தில் மஞ்சள் பூசிய திறந்த நிலத்தை, நிலத்துக்காரர் வருடத்தில் 28 நாள் வரை காரணம் சொல்லாமலே மூடி வைக்கலாம் (கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, வங்கி விடுமுறை நாட்களில் முடியாது). கிரவுஸ் வேட்டை ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை, அந்த நாட்களில் சில இடங்களில் இப்படிப் போர்டு பார்ப்பீர்கள். தீ அபாயம் அதிகமானாலும் மூடுவார்கள். ஆனால் அதே நிலத்தின் குறுக்கே போகும் பச்சைக்கோட்டுப் பாதைக்கு இது பொருந்தாது, அதிலேயே நேராகப் போய்விடலாம். வேட்டை நடந்தால் காவலாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடப்பது மரியாதை, பத்திரமும் கூட.

பொதுப்பாதையையே மூட வேண்டுமென்றால் அது கவுன்சில் உத்தரவாக இருக்கும். மரம் வெட்டுகிறார்கள், பாலம் பழுது, இந்த மாதிரி. அதற்குத் திரும்பித்தான் ஆக வேண்டும், பெரும்பாலும் மாற்றுவழி வரைந்து ஒட்டியிருப்பார்கள். எதுவானாலும் போர்டில் தேதியைப் படியுங்கள். தேதி முடிந்த பிறகும் கழற்றாமல் விட்டிருப்பது உண்டு.